இருமலுக்குப் பிறகு வரும் வாத்து

1

கண்ணாடி டம்ளரின் விளிம்பில் கரண்டி பட்டு ‘டிங்’ என்று ஒரு சத்தம். இங்கே மஸ்கட்டில், எங்கள் அலுவலகத்துக்கு எதிர்ப்புறம் இருக்கிற டீக்கடையில், சர்க்கரையைக் கலக்கி முடித்த கடைக்காரர் கரண்டியை ஒரு தட்டுத் தட்டி வைக்கிறார். அவ்வளவுதான். என் வலது கை மேசையிலிருந்து எழுந்து, இல்லாத ஒரு பக்கத்தைப் புரட்டிவிட்டு, மறுபடி வந்து மேசைமேல் படுத்துக்கொள்கிறது. எதிரில் உட்கார்ந்திருந்தவர் நான் ஈ ஓட்டுகிறேன் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். இந்த ஊரில் என் கை செய்கிற வேலைகளில் பாதி எனக்கே புரிவதில்லை.

போன மே மாதம் ஊருக்கு வந்து போனேன். மறுபடியும் மே வந்துவிட்டது. அங்கே நீங்கள் மாங்காயும் உப்பும் மிளகாய்த் தூளுமாக இருப்பீர்கள். இங்கே தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிறது. ஒட்டிக்கொள்ள வேறு எதுவும் இல்லாத ஊர்.

அந்த ‘டிங்’ எங்கள் வீட்டில் ஒரு கட்டளை. பக்கத்தைத் திருப்பு என்று அர்த்தம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லி முடித்தால் கை சும்மா இருக்குமா என்று பார்க்க வேண்டும்.

2

என் மகள் பவானிக்கு மூன்று வயது நடந்தபோது இங்கே ஒரு பெரிய கடையில் அந்தப் புத்தகங்களைப் பார்த்தேன். எழுத்துக் கூட்டத் தொடங்கும் பிள்ளைகளுக்கான படப் புத்தகங்கள். பக்கத்துக்கு ஒரு வரி. வரிக்கு மூன்று சொல், மிஞ்சினால் நான்கு. எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தளவு. மிச்ச இடமெல்லாம் படம். சொல்லைத் தவறவிட்ட பிள்ளை படத்தைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம். அட்டையின் முதுகில் நிறப் பொட்டு. சிவப்புப் பொட்டைப் படித்து முடித்தவர் நீலத்துக்குப் போகலாம், நீலத்திலிருந்து பச்சைக்கு. ஒரு சின்ன உயிர் படிக்கக் கற்றுக்கொள்வதற்கு இவ்வளவு அக்கறையாகப் படிக்கட்டு கட்டி வைத்திருக்கிறார்களே என்று அலமாரி முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். பால் வாங்கப் போனவன்.

ஊரில் தேடாமல் இல்லை. அதற்கு முந்தைய விடுப்பில் பாண்டி பஜார் நடைபாதை, பனகல் பார்க் பக்கத்துக் கடைகள், லஸ் முனை என்று அலைந்திருக்கிறேன். கிடைத்ததெல்லாம் அணில், ஆடு, இலை, ஈ போட்ட சுவர் அட்டை. அதைத் தாண்டினால் நேரே பொடி எழுத்தில் ராஜா கதை, கடைசியில் கட்டாயமாக ஒரு நீதி. நடுவில் படிக்கட்டே இல்லை. அணிலைப் படித்த குழந்தை ஒரே தாவலில் ராஜகுமாரனை எட்டிப் பிடிக்க வேண்டும். நடைபாதைக் கடைக்காரரிடம் கேட்டதற்கு, “அதான் கீது சார், பாத்து எடு. கொயந்தைக்குப் படிக்கத் தெரியலன்னா இன்னா, நீ படிச்சிச் சொல்லு, அது கேட்டுக்கும்,” என்றார். அந்த மனிதரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

இங்கே வாங்கின ஆங்கிலப் புத்தகங்களின்மேல் தமிழை ஒட்டினேன். நான் கட்டட வரைபடம் வரைகிறவன். மை பேனாவால் கோணாமல் எழுதுவதுதான் என் சோறு. வெள்ளை ஸ்டிக்கர் தாளில் ஆங்கில வரி மறைகிற அளவுக்கு வெட்டி, பெரிய பெரிய எழுத்தாக, ‘ழ’வின் வயிறும் ‘ண’வின் சுழியும் பிசகாமல் எழுதி, காற்றுக் குமிழி வராமல் ஸ்கேலால் நீவி ஒட்டுவேன். அதில் முதல் புத்தகம் ஒரு வாத்தின் கதை. சிவப்புத் தொப்பி போட்ட வாத்து, மழையில் வீடு தேடிப் போகிறது.

மழை பெய்கிறது.
குளம் நிறைகிறது.
படியெல்லாம் தண்ணீர்.
அதோ, வாத்து!

இப்படிப் போகும். வாத்து மரத்திடம் இடம் கேட்கும், பொந்திடம் கேட்கும், பாலத்திடம் கேட்கும். எல்லாரும் வேறு யாருக்கோ இடம் கொடுத்திருப்பார்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு கதவு திறக்கும், உள்ளே விளக்கு எரியும்.

புத்தகம் மட்டும் போனால் போதுமா? பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்ட ஒரு அப்பா வேண்டாமா? அதனால் வெள்ளிக்கிழமை மதியங்களில், பிரியாணி தின்ற களைப்பில் அறை முழுக்கக் குறட்டை விடும்போது, டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு நான் படிப்பேன். ஒரு வரி படித்ததும் டம்ளரில் கரண்டியால் ஒரு தட்டு: டிங். பவானி அங்கே பக்கத்தைத் திருப்ப வேண்டும். புத்தகத்தையும் கேசட்டையும் ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவேன். வாத்துக் கேசட்டில் ஏசியின் உறுமல் இருக்கும். ‘படியெல்லாம் தண்ணீர்’ என்று சொன்னதும் எனக்கு வந்த இருமல், இரண்டு தடவை, இருக்கும். மரம் வரும் பக்கத்தைப் படிக்கும்போது எங்கள் அறையில் இருக்கும் காசிம் தூக்கக் கலக்கத்தில் எழுந்து, “அண்ணே, டீ வேணுமா?” என்று கேட்டது இருக்கும். அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்திருக்கலாம். அடுத்த நாள் ஒருவர் ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

3

ஏன் குடும்பத்தைக் கூட்டிக்கொள்ளவில்லை என்று ஊரில் எல்லாரும் கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் அடையாள அட்டையில் தொழில் ‘கம்பி கட்டுபவர்’ என்று அச்சாகியிருக்கிறது. நான் புறப்பட்ட நேரத்தில் அந்தத் தொழிலுக்குத்தான் விசா இருந்தது. “உள்ள போயிட்டா மாத்திக்கலாம் சார், ஒரு கையெழுத்து,” என்றார் ஏஜென்ட். உள்ளே வந்து பல வருடமாகிறது. அந்தக் கையெழுத்தைப் போடுகிற கையை நான் இன்னும் சந்திக்கவில்லை. குடும்ப விசா கவுண்டரில் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். கம்பி கட்டுபவருக்குக் குடும்பம் கிடையாது என்றார். நான் கம்பி கட்டுவதில்லை, படம் வரைகிறேன் என்றேன். அட்டையைத் திருப்பி எனக்கே காட்டினார். அடுத்த முறை போனபோது மனைவியின் பாஸ்போர்ட்டில் மெட்ராஸ், மகளின் பிறப்புச் சான்றிதழில் சென்னை. மனைவி ஒரு ஊர், மகள் வேறு ஊரா என்று கேட்டார். இரண்டும் ஒன்று என்று நிரூபிக்க மூன்று முத்திரை வேண்டுமாம். விடுங்கள்.

நான் இங்கே வரைவதெல்லாம் குடும்பங்களுக்கான வீடுகள். சமையலறைக்குக் கிழக்கே ஒரு சின்ன அறை போட்டு, ‘குழந்தைகள் அறை’ என்று கோணாமல் எழுதுவேன்.

4

மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் இருக்கிறது எங்கள் வீடு. என் மனைவி விஜயா வக்கீல்களுக்கு டைப் அடித்துக் கொடுக்கிறாள். முன்னறையில் டைப்ரைட்டர், உள்ளறையில் டேப் ரெக்கார்டர். ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாள்: நான் அடிக்கும் வரி முடியும்போது மெஷினில் மணி அடிக்கிறது, உங்கள் மகள் அதற்கும் ஒரு பக்கம் திருப்பிவிடுகிறாள், நீங்கள் பாலத்தில் நிற்கும்போது அவள் வீட்டுக்குள் போய்விடுகிறாள். இதைக் காசிமுக்குப் படித்துக் காட்டி இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அதில் சிரிப்பைத் தவிர வேறொன்றும் இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

போன வருடம் விமான நிலையத்திலிருந்து என்னை அழைத்து வந்தவன் விஜயாவின் தம்பி கோபால். அசோக் நகர்வாசி. வாயைத் திறந்தால் வேளச்சேரியில் மனை வாங்கச் சொல்வான். பெட்டிகளை மாடி ஏற்றி மூச்சு வாங்க நின்றோம். பவானியைக் காணோம். கதவுக்குப் பின்னால் பாவாடை நுனி மட்டும் தெரிந்தது.

“பவா, அப்பா வந்திருக்காரு பாரு. வெளிய வாடி,” என்றாள் விஜயா.

“அப்பா டேப்புலதான் இருக்காரு,” என்றது கதவு.

“இன்னா மாமா,” என்றான் கோபால், “சொந்த வூட்லயே ஐடி கார்டு கேக்கறாளே?”

நான் பேசிப் பார்த்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கதவு அசையவில்லை. வழியெல்லாம் குடித்த டீசல் புகையில் எனக்கு இருமல் வந்தது, இரண்டு தடவை. பாவாடை நுனி நிமிர்ந்தது. கதவு விலகி ஒரு முகம் வந்தது. என் மார்பைத்தான் பார்த்தது, கேசட் சுற்றுகிற இடத்தைப் பார்ப்பதுபோல.

“அப்பா,” என்றாள்.

அன்று சாயங்காலம் வாத்துப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனை வெள்ளிக்கிழமைகளில் நான் நினைத்து நினைத்துப் பழகிய காட்சி அது. மழை பெய்கிறது என்றேன். குளம் நிறைகிறது என்றேன். வாத்து மரத்திடம் இடம் கேட்கிற பக்கம் வந்ததும் பவானி முகம் சுளித்தாள்.

“நீ தப்புத் தப்பாப் படிக்கிற.”

“எங்கடா கண்ணு தப்பு?”

“உர்ர்னு சத்தம் வரல. டிங் வரல. மரம் டீ கேக்கணும், கேக்கல.” புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்க் கேசட்டைப் போட்டாள். சம்மணம் கட்டி உட்கார்ந்து பக்கம் திருப்பத் தொடங்கினாள். நான் அறையின் இந்தக் கோடியில் உட்கார்ந்து, அந்தக் கோடியில் என் மகளுக்கு நான் படித்துக் காட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் படித்தேன்.

5

அடையாறில் ஒரு பள்ளி. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க, குழந்தைக்கு ஒரு பக்கமாவது தானாகப் படிக்கத் தெரிய வேண்டும் என்று அங்கே ஒரு வழக்கம். எங்களுக்குப் பயமே இல்லை. அஞ்சு வயசில் ஏழு புத்தகம் படிக்கிறாள் என்று விஜயா சந்து முழுக்கச் சொல்லியிருந்தாள். தலைமையாசிரியை வயதான அம்மா. காதோரம் நரை, மேசைமேல் கண்ணாடிக் குண்டு ஒன்று, காகிதம் பறக்காமல் இருக்க.

“படிக்கத் தெரியுமா பவானி?”

“தெரியும் மிஸ். வாத்து ஃபுல்லாத் தெரியும்.”

சிரித்துக்கொண்டே ஒரு படப் புத்தகத்தைக் கொடுத்தார். அட்டையில் மதில்மேல் ஒரு பூனை. பவானி அதைக் கடமையாகப் பிரித்தாள். மேசையிலிருந்த பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டாள்.

“மழை பெய்கிறது.” கண்ணாடிக் குண்டில் பேனாவால் ஒரு தட்டு. டிங். பக்கம் திரும்பியது. “குளம் நிறைகிறது.” டிங்.

“இரு இரு,” என்றார் அந்த அம்மா. “மழை எங்கம்மா இருக்கு? இது பூனை இல்லையா?”

“இருங்க மிஸ்,” என்றாள் பவானி, பொறுமையாக. “வாத்து இன்னும் வரல. அப்பா இருமினப்புறம்தான் வரும்.”

“படியெல்லாம் தண்ணீர்,” என்று சொல்லி, வலது கையைக் குவித்து வாயில் வைத்து இரண்டு தடவை இருமினாள். என் இருமல். நடுவில் இழுக்கிற அந்த மூச்சு உட்பட. பக்கத்தைத் திருப்பி, “அதோ, வாத்து!” என்றாள். பக்கத்தில் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. “வாத்து மரத்திடம் கேட்டது,” என்றாள். பிறகு ஆண் குரலில், “அண்ணே, டீ வேணுமா?”

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். விஜயா சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் அந்த அம்மா புத்தகத்தை வாங்கி, ஒரே ஒரு எழுத்தின் கீழ் விரலை வைத்தார்.

“இது என்ன எழுத்து, சொல்லு.”

பவானி எழுத்தைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தாள்.

ரொம்ப நேரம் பார்த்தாள். நான் சொல்வேன் என்று காத்திருந்தாள்.

“கெட்டிக்காரக் குழந்தை,” என்றார் அந்த அம்மா, எங்களிடம். “ஞாபக சக்தி அபாரம். ஆனா இது படிக்கிறது இல்லீங்க. கேசட்ல யாரு?”

“நான்தான் மேடம்.”

“நல்லாப் படிக்கிறீங்க.” அவர் கிண்டல் செய்யவில்லை. “அதான் சிக்கல். குரல் வந்துட்டே இருந்தா அவ எதுக்கு எழுத்தப் பாக்கணும்? கொஞ்ச நாள் அதை நிறுத்திப் பாருங்க. மாசக் கடைசில கூட்டிட்டு வாங்க. ஒரு பக்கம், அவளாப் படிச்சாப் போதும். அதுவரைக்கும் ஒரு சீட்டு வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது.”

6

திரும்பி வந்த ஆட்டோ அடையாறு பாலத்தில் ஏறியது.

“கேசட்ட எடுத்து வச்சிடலாங்க,” என்றாள் விஜயா.

“மொத்தமுமா?”

“மொத்தமும்தான். ஒண்ணு இருந்தாலும் அதப் போட்டுக்குவா.”

நான் வெளியே ஆற்றைப் பார்த்தேன். ஆறு என்ன செய்யும்?

“உங்களுக்கு மட்டும்தான் கஷ்டம்னு நெனைக்காதீங்க,” என்றாள், பவானியின் தலைக்கு மேலாக, என்னைப் பார்க்காமல். “மத்தியானம் நான் டைப் அடிச்சிட்டிருப்பேன். உள்ள உங்க குரல் கேட்டுட்டே இருக்கும். வீட்ல ஆள் இருக்குன்னு ஒரு இது. எனக்கு மட்டும் அது நல்லாருக்காதா?”

அன்றே பரண்மேல் போட்டோம். பவானி அழுதாள் என்று எழுதினால் உங்களுக்கு எளிதாக விளங்கிவிடும். அவள் அழவில்லை. காலி டேப் ரெக்கார்டர் முன்னால் சம்மணம் கட்டி உட்கார்ந்து, மூடியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

“நான்தான் இங்கயே இருக்கனேம்மா. நான் படிக்கிறேன் வா,” என்றேன்.

“நீ போயிடுவ,” என்றாள். “டேப்பு போவாது.”

7

எழுத்து சொல்லிக் கொடுக்கப் பார்த்தேன். சிலேட்டில் எழுதினேன். அட்டையில் வெட்டினேன். ‘ம’ என்று எழுதி இது என்ன என்றால் என் உதட்டைப் பார்ப்பாள். உதடு மூடியிருக்கும். ‘ம’ சொல்ல உதடு மூடத்தானே வேண்டும்? “ம,” என்பாள் வெற்றியோடு. வாயைக் கையால் மறைத்துக்கொண்டேன். கண்ணைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். திரும்பித் திரும்பிப் பார்த்தாள். காலண்டரில் என் விடுப்பு கிழிந்துகொண்டே போனது. கோபால் வந்து, “மாமா, நீ வெளிய போய் ஒரு டீ அடிச்சிட்டு வா, புள்ளை தானாப் படிக்கும்,” என்றான். அடிக்கலாம் போலிருந்தது. அவன் சொன்னது சரியாக இருந்ததால்தான்.

ஒருநாள் சீருடைத் துணி எடுக்க தி. நகர் போனோம். சீட்டே கிடைக்கவில்லை, சீருடை எதற்கு என்று கேட்காதீர்கள். விஜயாவுக்கு எதையாவது நம்ப வேண்டியிருந்தது. உஸ்மான் ரோட்டில் ஆட்டோ நகரவில்லை. வெயில். மல்லிகைப்பூவும் வியர்வையும் பெட்ரோலும் கலந்த வாசனை. எனக்குப் பேசக்கூடத் தெம்பில்லை. பவானி என் மடியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு முன்னால் இன்னொரு ஆட்டோவின் முதுகு, மஞ்சளில் கறுப்பு எழுத்து.

“இ,” என்றாள்.

நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன்.

“இ... ல... வ... ச... ம். இலவசம்.” இன்னொரு தடவை, சேர்த்து: “இலவசம்!”

விஜயா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

“யாரும்மா சொல்லிக் குடுத்தது?” என்றேன்.

“யாரும் சொல்லல. அதுக்குக் கேசட் இல்லியேப்பா,” என்றாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். “மேல கீறதையும் படி பாப்பா.”

ஒரு சிக்னல் பச்சையாகி மறுபடி சிவப்பானது. அதுவரை போராடினாள். “பி... ர... ச... வ... பிரசவத்... பிரசவத்திற்கு இலவசம்.” திரும்பினாள். “பிரசவம்னா இன்னாப்பா?”

“மாட்னியா நைனா,” என்றார் டிரைவர். அந்தச் சிரிப்பில் ஆட்டோவே குலுங்கியது.

பிறகு நிற்கவில்லை. சுவர், பஸ் பலகை, மளிகைக்கடைப் போர்டு, இங்கே நோட்டீஸ் ஒட்டாதே. ஊர் முழுக்க யாரும் குரல் கொடுத்து வைக்காத எழுத்து. தப்பும் தவறுமாக, மூச்சு வாங்க, ஒவ்வொரு எழுத்தாக உடைத்துத் தின்றாள். ஒரே ஒரு நிபந்தனை. நான் பேசக்கூடாது. நான் “ஆமாம்மா, அப்புறம்?” என்று சொன்னால் போதும், எழுத்தை விட்டுவிட்டு என் வாய்க்கு வந்துவிடுவாள். ஆகவே நான் பேசவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கிற ஒரு மாதம். அதில் மிச்சம் இருந்த நாட்களை, என் மகளுக்குப் பக்கத்தில், வாயை மூடிக்கொண்டு கழித்தேன். அதுதான் நான் அவளுக்குச் செய்ய முடிந்த ஒரே உதவி. உதவி என்றால் ஏதாவது செய்வது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

8

பள்ளியில் குறித்துக் கொடுத்த நாள், என் விமானத்துக்கு மறுநாள். லஸ் முனை ஐஎஸ்டி பூத்தில் வரிசையில் நின்று அலுவலகத்துக்குப் பேசினேன். இரண்டே நாள் கொடுங்கள் என்றேன். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மேலாளர் நல்ல மனிதர். ஒரு குடியிருப்பின் படங்கள் எனக்காகக் காத்திருப்பதாகவும், குழந்தைகள் அறைகளை இன்னும் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும் என்று உரிமையாளர் விரும்புவதாகவும் சொன்னார்.

பரணிலிருந்து கேசட்டுகளை இறக்கி என் கைப்பையில் வைத்தது நான்தான். வீட்டில் இருந்தால் என்றைக்காவது ஒரு மத்தியானம் விஜயாவே போட்டுவிடுவாள். அதை அவளே சொன்னாள். பவானி ஒவ்வொன்றும் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை. முதுகில் நான் எழுதியிருந்த பேரை மட்டும் எழுத்துக் கூட்டினாள். வா... த்... து.

இங்கே வந்து சேர்ந்து இரண்டு நாள் கழித்து அறைக்கு போன் வந்தது. காசிம் ஓடிவந்து எழுப்பினான்.

“பவா படிச்சிட்டாங்க!” விஜயாவின் குரல் கடலுக்கு அடியிலிருந்து வந்தது. “எறும்பு படம் போட்ட புக்கு. எழுத்துக் கூட்டித்தான். எவ்ளோ நேரம் தெரியுமா? அந்தம்மா அசையாம உக்காந்திருந்தாங்க. சீட்டுக் கெடச்சிடுச்சு. ஃபீஸ் கட்டியாச்சு.”

“என் பக்கம் பாத்தாளா?” என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி. நான் அங்கே இல்லை. ஆனால் விஜயாவுக்குப் புரிந்தது.

“யார் வாயையும் பாக்கலீங்க.” கடல் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தினாள். “ஒண்ணுதான். பக்கத்தத் திருப்பறதுக்கு முன்னாடி கைய வாயில வச்சு இருமிக்கிட்டா, ரெண்டு தடவ. குழந்தைக்குச் சளியான்னு அந்தம்மா கேட்டாங்க. நான் ஆமான்னுட்டேன்.”

இப்போது அவளுக்கு வெறும் புத்தகங்களை அனுப்புகிறேன். தமிழ் ஒட்டுகிறேன், கோணாமல். கேசட் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, “பச்சைப் பொட்டு முடிச்சிட்டேன்பா, அடுத்தது அனுப்பு,” என்கிறாள். மழையைப் பற்றியோ வாத்தைப் பற்றியோ பேச்சில்லை. சந்தோஷமான செய்திதான். போனை வைத்த பிறகு அறையில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பேன். காசிமுக்கும் ஊரில் ஒரு பையன், மூன்று வயது. “அண்ணே, அந்தக் கேசட்டெல்லாம் சும்மாத்தானே கெடக்கு, எனக்குக் குடுங்களேன்,” என்று கேட்டான். அவன் பையன் என் குரலில் வளர்வதா? “நீயே படிச்சு எடுத்துக்கடா,” என்றேன். பிறகு அதுவும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் அவன் டம்ளரும் கரண்டியுமாக மூலையில் உட்கார்ந்துகொண்டான். டிங். நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். கை மட்டும் போர்வைக்குள் திரும்பியது.

9

மீனம்பாக்கத்தை இன்னும் சொல்லவில்லை. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

மத்தியான விமானம். வழியனுப்ப வந்தவர்கள் நிற்கிற கம்பித் தடுப்பு வெயிலில் காய்ந்து கிடந்தது. கோபால் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொடுத்து, வேளச்சேரி மனையைக் கடைசியாக ஒருமுறை ஞாபகப்படுத்தினான். விஜயா என் சட்டைப் பையில் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். இருக்கிறது என்று தெரிந்த பிறகும் கையை எடுக்கவில்லை. பவானி தடுப்புக்கு மேல் இருந்த பலகையைத் தலையை அண்ணாந்து பார்த்தாள். ப... ய... ணி... கள்... மட்... டும். படித்து முடித்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. என் தோளில் தொங்கிய கைப்பையைப் பார்த்தாள்.

நான் அவளுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தேன். நாளைக்கு நல்லாப் படிக்கணும் என்று சொல்ல நினைத்தேன். வாயைத் திறந்தால் அவள் வாயைப் பார்ப்பாளே என்று பழக்கத்தில் மூடிக்கொண்டேன். அவள்தான் பேசினாள்.

“கேசட்டெல்லாம் நீயே எடுத்துட்டுப் போப்பா. இருமல மட்டும் வச்சிட்டுப் போ.”